காருக்குள் ஒரு குட்டி வானொலி நிலையம்

வண்டி பழையது, கையிலிருக்கும் செல்பேசியோ புதியது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பேச வைப்பது எவ்வாறு என்பது நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் உரிய ஒரு சிறு கவலை. செல்பேசியில் ஆயிரம் பாடல்கள் இருக்கின்றன. அழகிய கிராஅத்துகள் இருக்கின்றன. மார்க்க அறிஞர்களின் உரைகள் இருக்கின்றன. ஆனால் காரில் இருப்பதோ ஒரு வானொலிப் பெட்டி மட்டும். அதற்கு வெளியிலிருந்து வரும் பண்பலையைக் கேட்கத் தெரியுமேயன்றி, உள்ளே அமர்ந்திருப்பவரின் கையிலுள்ள கருவியைக் கேட்கத் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்னும் கட்டைவிரல் பருமனுள்ள கருவி. காரின் சிகரெட் லைட்டர் துளையில் அதைச் செருகிவிட்டால், செல்பேசியில் ஒலிப்பதை வாங்கிப் பண்பலையாக மாற்றி ஒலிபரப்புகிறது. காரின் வானொலி அதைத் திருச்சியோ சென்னையோ அனுப்பும் ஒலி என்றே எண்ணி, பெற்றுப் பாடுகிறது. ஆக, அதை வாங்கிச் செருகும் ஒவ்வொருவரும் தம் காருக்குள் ஒரு குட்டி வானொலி நிலையத்தையே தொடங்கி வைக்கிறார்கள் எனலாம்.

நிலையம் நடத்துவோருக்குச் சில பொறுப்புகள் உண்டல்லவா? கருவியை விற்கும் கடைக்காரர் அவற்றைச் சொல்வதில்லை. உறையிலுள்ள பொடி எழுத்துகளை நாம் படிப்பதுமில்லை. அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அதை எப்படி அளவோடு பயன்படுத்துவது, எங்கே அதை அணைத்து வைக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நாடாவிலிருந்து நுண்சில்லுக்கு

பயணத்தின்போது நாம் விரும்பியதைக் கேட்கும் பழக்கம் நெடுநாளையதன்று. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டென்ஸ் என்னும் பொறியாளரின் குழு உருவாக்கிய சிறிய ஒலிநாடாப் பேழை 1963-இல் பெர்லின் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. நாம் 'கேசட்' என்று அழைத்தது அதைத்தான். 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பாட்டு மனிதனோடு நடக்கத் தொடங்கிற்று.

நம் கடற்கரைப் பகுதிக்குக் கேசட் வெறும் பாட்டுப் பேழையாக மட்டும் வந்து சேரவில்லை. 1925-இல் பிறந்து 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் கம்பீரக் குரல், திருமண வீடுகளிலும் கந்தூரி நாட்களிலும் கேசட் வழியாகவே தெருத்தெருவாக ஒலித்தது. அதற்கும் மேலாக, வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற சபராளிகள், தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில், தம் குரலைக் கேசட்டில் பதிந்து ஊருக்கு அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உம்மாவுக்கு அது பேசும் கடிதமாயிற்று. வீட்டார் அதைச் சுற்றி அமர்ந்து கேட்டு அழுதார்கள். மறுபக்கத்தில் தங்கள் குரலைப் பதிந்து திருப்பி அனுப்பினார்கள். இத்தகைய நாடாக்கள் இன்றும் பல வீடுகளில் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன.

பிறகு வந்தது இலக்கமுறை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் உருவான ஒலிச்சுருக்க முறைக்கு 1995-இல் 'எம்பி3' என்ற பெயர் நிலைத்தது. 2001-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வெளிவந்தது. சட்டைப் பைக்குள் ஆயிரம் பாடல்கள் அடங்கின. ஆனால் சாலையில் ஓடிய கார்கள் பழையனவாகவே இருந்தன. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரி வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 போன்ற வண்டிகளை நம் குடும்பங்கள் எளிதில் கைவிட்டுவிடுவதில்லை. வானொலி இருக்கும், செல்பேசியை இணைக்க வழியிராது. இந்த இடுக்கில்தான் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் காரின் வானொலியில் ஹெட்போன் முனை போன்ற 'ஆக்ஸ்' துளையோ புளூடூத் வசதியோ இருந்தால், இந்தக் கருவியை வாங்க வேண்டியதில்லை. கம்பி வழியே நேராகச் செல்லும் ஒலி, காற்று வழியே சுற்றிச் செல்லும் ஒலியைவிடத் தெளிவாகவே இருக்கும். கேசட் பெட்டியுள்ள மிகப் பழைய காரானால், கேசட் வடிவிலேயே அமைந்து, வாலாக ஒரு கம்பி தொங்கும் இணைப்பியும் நன்றாகவே வேலை செய்யும். இவை எதுவும் இயலாதபோதே டிரான்ஸ்மிட்டரை நாட வேண்டும்.

கலங்கரை விளக்கமும் பண்பலையும்

பண்பலை என்றால் என்ன? கடற்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்விளக்கின் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் செய்தி சொல்வது ஒரு முறை. ஒளியின் அளவை மாற்றாமல் அதன் நிறத்தை மட்டும் சற்றே மாற்றி மாற்றிச் செய்தி சொல்வது மற்றொரு முறை. மூடுபனி வந்தால் முதல் முறை குழம்பிவிடும். ஒளி குறைந்தது பனியாலா செய்தியாலா என்று தெரியாது. இரண்டாம் முறைக்கு அந்தக் குழப்பம் இல்லை. பழைய மத்திய அலை வானொலி முதல் முறையைச் சார்ந்தது. ஆகவேதான் மின்னல் வெட்டினால் அதில் கரகரவென்று இரைச்சல் எழுந்தது. பண்பலை இரண்டாம் முறையைச் சார்ந்தது. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் இதற்கான காப்புரிமைகளை 1933-இல் பெற்றார். நம் நாட்டில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கிற்று.

காரைக்கால் வானொலி நிலையம் 100.3 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது என்று அறிவிப்பாளர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பொருள், அந்நிலையத்தின் அலை வினாடிக்கு 10 கோடியே 3 லட்சம் முறை அதிர்கிறது என்பதே. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் காற்பங்கு 75 சென்டிமீட்டர். காரின் முகப்பில் நிற்கும் நீண்ட கம்பி ஏரியல் ஏறத்தாழ அந்த நீளத்தில் அமைவது இதனால்தான்.

நம் காருக்குள் செருகும் டிரான்ஸ்மிட்டரும் இதே அலைவரிசைக்குள், அதாவது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பண்பலைப் பட்டைக்குள்தான் ஒலிபரப்புகிறது. அது தனி வழி எதையும் அமைத்துக்கொள்வதில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான பாதையில் ஓர் ஓரமாக நடக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், இக்கருவியைப் பற்றிய ஏனைய செய்திகள் யாவும் தாமே விளங்கும்.

அருகிலிருப்பவன் குரல்

மதரஸா வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாடங்களை உரக்க ஓதுகிறார்கள். எனினும் உஸ்தாதின் முன்னால் அமர்ந்து ஓதும் பிள்ளையின் குரலே அவர் காதில் தெளிவாக விழுகிறது. மற்றவை பின்னணி இரைச்சலாக ஒதுங்கிவிடுகின்றன. பண்பலை வானொலியின் இயல்பும் இதுதான். ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் ஒலித்தால், வலுவாக வந்து சேரும் அலையையே வானொலி பற்றிக்கொள்கிறது. வலுக்குறைந்ததை ஏறத்தாழ அடக்கிவிடுகிறது. இரண்டும் சமவலுவாக இருந்தால்தான் மாறி மாறிக் கரகரக்கும்.

அப்படியானால் நம் டிரான்ஸ்மிட்டர் காருக்குள்ளேயே இருக்கிறதே, அது எப்போதும் வெல்லாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தில் இத்தகைய கருவிகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் 50 நானோவாட். அதாவது ஒரு வாட்டில் 2 கோடியில் ஒரு பங்கு. ஒரு வானொலி நிலையத்தின் ஆற்றலை 1 கிலோவாட் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், அது நம் கருவியைப் போல 2,000 கோடி மடங்கு. ஆனால் தொலைவு கூடினால் அலையின் வலு அத்தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். நிலையம் 10 கிலோமீட்டர் தொலைவிலும் நம் கருவி ஏரியலிலிருந்து 1 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். அருகாமையால் நமக்குக் கிடைக்கும் அனுகூலம் 10 கோடி மடங்கு. எஞ்சியிருப்பது 200 மடங்கு. அந்த 200 மடங்கால் நிலையமே வெல்கிறது!

இது தோராயக் கணக்குத்தான். கட்டடங்களும் காரின் இரும்புக் கூடும் இதை மாற்றும். ஆனால் பாடம் தெளிவானது. ஊர் நிலையம் ஒலிக்கும் இடத்தில் போய் நின்று அதோடு போட்டியிட நம் குட்டி நிலையத்தால் இயலாது, இயலவும் கூடாது. யாரும் இல்லாத காலி இடத்தைத் தேடி அங்கே மெல்லப் பேசுவதே அதற்கு அழகு.

வாஞ்சூர் தாண்டினால் வேறு கதை

காலி இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? டிரான்ஸ்மிட்டரைச் செருகும் முன் காரின் வானொலியை மட்டும் இயக்கி, 87.5-இலிருந்து 108 வரை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திக் கேளுங்கள். 'சுர்' என்ற சீரான இரைச்சல் மட்டும் எங்கே கேட்கிறதோ அங்கே யாரும் இல்லை. ஆனால் அந்த ஒரு புள்ளி காலியாக இருந்தால் மட்டும் போதாது. இருபுறமும் 0.2 மெகாஹெர்ட்ஸ் அளவுக்காவது காலியாக இருக்க வேண்டும். ஏனெனில் பண்பலை அலை தன் மையத்திலிருந்து இருபக்கமும் சற்றுப் பரவியே செல்லும். 100.3-இல் வலுவான நிலையம் இருக்கும் ஊரில் 100.2-ஐயோ 100.4-ஐயோ தேர்ந்தெடுத்தால், பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்தது போலத்தான்.

காரைக்கால் மாவட்டமோ சிறியது. வடக்கே பூவத்திலிருந்து தெற்கே வாஞ்சூர் வரை கார் ஓடுவது சிறிது நேரமே. நாகூர் தர்காவுக்கோ நாகப்பட்டினத்துக்கோ சென்று திரும்பும் குடும்பத்துக்கு ஒரே காலியிடம் போதுமானதாக இருக்கலாம். ஆனால் நம்மவர்களின் முக்கியமான கார்ப் பயணம் அதுவன்று. சபராளியை அழைத்து வரவும் வழியனுப்பவும் திருச்சி விமான நிலையத்துக்குச் செல்வதே. திருவாரூர், தஞ்சாவூர் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காரைக்காலில் அமைதியாக இருந்த புள்ளி தஞ்சையைத் தாண்டும்போது கரகரக்கத் தொடங்கும்; திருச்சியை நெருங்கும்போது நம் பாட்டை விழுங்கிவிட்டு வேறொருவர் பேசுவார். திருச்சியில் 102.1-இல் வானொலி நிலையத்தின் பண்பலை இருக்கிறது. தனியார் நிலையங்களும் இருக்கின்றன. கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5-இல் ஒலிக்கும் கோடைப் பண்பலை, மலையின் உயரத்தால் பல மாவட்டங்களை எட்டுகிறது.

ஆகவே நெடும்பயணம் செல்வோர் புறப்படும் முன்பே இரண்டு மூன்று காலியிடங்களைத் தேர்ந்து, அவற்றை வானொலியின் நினைவுப் பொத்தான்களில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று கரகரத்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி, டிரான்ஸ்மிட்டரையும் வானொலியையும் அடுத்த புள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு புதிரும் உண்டு. நேற்று மாலை காலியாக இருந்த புள்ளியில் இன்று அதிகாலை யாரோ பேசுவார்கள். பண்பலை பொதுவாக நேர்கோட்டில் செல்வது; அடிவானத்துக்கு அப்பால் அது நெடுந்தொலைவு போகாது. ஆனால் கடலின் மேலே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக அமையும் வேளைகளில், அலை அவற்றுக்கிடையே அகப்பட்டு, குழாய்க்குள் ஓடும் நீர் போல வெகுதொலைவு சென்றுவிடும். வேதாரண்யம், இராமநாதபுரக் கரைகளில் இலங்கைத் தமிழ்ப் பண்பலைகள் கேட்பதற்குக் கடலின் அருகாமையோடு இதுவும் ஒரு காரணம். கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்லும் முன், வேறு புள்ளியில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

கடைமடைக்காரர்களுக்குத் தெரிந்த நீதி

காரைக்கால், காவிரியின் கடைமடைப் பகுதி. மேலே உள்ளவர்கள் தம் பங்குக்கு மேல் எடுத்தால் கீழே உள்ள வயல் காயும் என்பதை நம் விவசாயிகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்கால் பகுதிக்கு, 7 டி.எம்.சி. என்று பங்கு குறித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. பொதுவான நீரை அளந்து பங்கிடாவிட்டால் வலியவனே குடிப்பான். எளியவன் வானத்தைப் பார்ப்பான்.

காற்றலையும் அப்படிப்பட்ட பொதுச்சொத்தே. உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கின் தீர்ப்பில், வான் அலைகள் பொதுச்சொத்து என்றும் அவை பொதுநலன் கருதி முறைப்படுத்தப்பட வேண்டும் என்றும் அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால் அது. அதில் ஒவ்வொருவரும் தம் விருப்பம் போல் மடையைத் திறந்தால் யாருக்கும் எதுவும் கேட்காது.

இதனால்தான் உலக நாடுகள் இந்தச் சிறு கருவிக்கும் அளவு குறித்தன. இங்கிலாந்தில் இது முதலில் சட்டத்துக்குப் புறம்பானதாகவே இருந்தது. 2006 டிசம்பரில்தான் 50 நானோவாட் என்ற எல்லைக்குள் அனுமதித்தார்கள். அமெரிக்காவில் கருவியிலிருந்து 3 மீட்டர் தொலைவில் அலையின் வலு மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டலாகாது என்பது விதி. இரண்டின் நோக்கமும் ஒன்றே: உங்கள் பாட்டு உங்கள் காருக்குள் கேட்கட்டும், அடுத்த காருக்குள் நுழைய வேண்டாம்.

நம் நாட்டில் உரிமம் இல்லாத ஒலிபரப்பு எங்கே போய் முடியும் என்பதற்குப் பீகாரில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. வைசாலி மாவட்டத்தின் மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மஹதோ என்ற இளைஞர் வானொலி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருந்தார். ஏறத்தாழ 50 ரூபாய்ச் செலவில் தாமே ஒரு பண்பலை டிரான்ஸ்மிட்டரைச் செய்து, மூங்கில் கம்பத்தில் ஏரியல் கட்டி, சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் பாட்டும் செய்தியும் ஒலிபரப்பினார். மக்கள் விரும்பிக் கேட்டார்கள். 2006-இல் அவர் புகழ் உலகச் செய்தியாயிற்று. அதே ஆண்டில் உரிமம் இல்லை என்ற காரணத்தால் அதிகாரிகள் அந்நிலையத்தை மூடினார்கள். அவர் திறமையில் குறையில்லை; நோக்கத்திலும் குறையில்லை. எனினும் பொதுவாய்க்காலில் அனுமதியின்றி மடை வைத்தது சட்டத்தின் கண்ணில் குற்றமாயிற்று.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. காருக்கான கருவியைத் தேடும்போதே, 'நெடுந்தொலைவு எட்டும்' என்ற விளம்பரத்தோடு பெரிய டிரான்ஸ்மிட்டர்களும் கண்ணில் படுகின்றன. அவற்றைக் கண்டதும் நல்லெண்ணம் கொண்ட இளைஞர்களுக்கு ஓர் ஆசை பிறக்கக்கூடும். பள்ளிவாசலில் நடக்கும் பயானைத் தெருவிலுள்ள பெண்கள் வீட்டிலிருந்தே வானொலியில் கேட்கட்டுமே, நோயாளிகளும் முதியோரும் பயனடையட்டுமே என்று எண்ணக்கூடும். ஆசை நல்லதுதான், வழி அதுவன்று. நல்ல செய்தியைச் சொல்வதற்காக அண்டை வீட்டாரின் அலையைப் பறிப்பது, நல்ல காரியத்துக்காகப் பிறர் வயலின் நீரைத் திருப்புவதற்கு ஒப்பாகும். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்லித்தருகிறோம்; அந்த ஹக் சுவரோடு நின்றுவிடுவதில்லை. காற்றிலும் உண்டு.

முறையான வழியும் இருக்கிறது. கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2002-இல் கொள்கை வகுத்தது. அதன்படி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004 பிப்ரவரியில் தொடங்கிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வாய்ப்பு விரிக்கப்பட்டது. நம் அண்டை நாகப்பட்டினம் மாவட்டத்தின் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி அமைந்ததும் இவ்வழியில்தான். ஊருக்குப் பேச விரும்புவோர் விண்ணப்பித்து, உரிமம் பெற்றுப் பேசட்டும். காருக்குள் பேச விரும்புவோர் மெல்லப் பேசட்டும்.

புயல் நாளில் நம் பாட்டை நிறுத்துவோம்

இக்கருவியைப் பற்றிய மிக முக்கியமான செய்தி இனிமேல்தான்.

டிரான்ஸ்மிட்டர் இயங்கும்போது காரின் வானொலி நம் குட்டி நிலையத்தை மட்டுமே கேட்கிறது. வெளியுலகுக்கு அதன் காது அடைபட்டுவிடுகிறது. மற்ற நாட்களில் இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் நாம் வாழ்வது எந்தக் கரை? 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை காரைக்கால் மீனவ ஊர்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென முன்னெச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. 2007-இல்தான் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. மின்சாரம் போனது, செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன.

அத்தகைய நாளில் நம் கையில் எஞ்சியிருப்பது எது? மின்கலத்தில் ஓடும் வானொலிதான். வீட்டில் அது இல்லாவிட்டாலும் வாசலில் நிற்கும் காரில் இருக்கிறது. செல்பேசிக்கு அருகில் கோபுரம் வேண்டும். பண்பலைக்கோ நிலையம் இயங்கினால் போதும், எத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கேட்கலாம். வானிலை எச்சரிக்கையையும் மீனவர்களுக்கான அறிவிப்பையும் ஒலிபரப்புவது வானொலியின் நெடுநாள் பணி. எனவே நம் காரின் முதல் நினைவுப் பொத்தானில் 100.3 இருக்கட்டும், நம் குட்டி நிலையத்தின் புள்ளி இரண்டாவது பொத்தானில் இருக்கட்டும். மழைக்காலத்தில் பயணம் புறப்பட்டால் பாட்டுக்கு இடையிடையே முதல் பொத்தானை அழுத்திச் செய்தி கேட்பதை வழக்கமாக்கிக்கொள்வோம். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பொத்தான் எது என்று காட்டி வைப்போம்.

வாங்குவோர் கவனத்துக்கு

கருவியின் எண்ணுரு எளிதில் தெரிய வேண்டும், 87.5 முதல் 108 வரை எந்தப் புள்ளிக்கும் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். காரின் 12 வோல்ட் மின்சாரத்தை 5 வோல்ட்டாக மாற்றித் தருவதால் செல்பேசிக்கு மின்னேற்றவும் அது உதவும். மட்டமான கருவியில் எஞ்சினின் ஓட்டத்துக்கேற்ப 'ஙீ' என்ற ஒலி ஏறி இறங்கும். கடையிலேயே வண்டியை இயக்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஒலி பிசிறடித்தால் பலர் டிரான்ஸ்மிட்டரைக் குறை கூறுவார்கள். பெரும்பாலும் காரணம் செல்பேசியின் ஒலியளவை முழுமையாக வைத்திருப்பதே. அதை முக்காலளவில் வைத்து, மீதியை வானொலியில் கூட்டிக்கொள்ளுங்கள். நேர்மாறாக, செல்பேசியில் மிகக் குறைத்து வானொலியில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

வண்டியோட்டுபவர் ஓட்டும்போதே புள்ளியை மாற்றுவதோ பாட்டைத் தேடுவதோ கூடாது. கையில் செல்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. பாட்டு வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். தனியாக ஓட்டினால் புறப்படும் முன்பே வரிசைப்படுத்திக்கொள்ளட்டும். வண்டியை நிறுத்தியதும் கருவியைக் கழற்றி வைப்பதும் நன்று. சில கார்களில் சாவியை எடுத்த பின்னும் அத்துளைக்கு மின்சாரம் வந்துகொண்டிருப்பதால், நாட்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

அலமாரி அடித்தட்டில் கிடக்கும் அந்தப் பழைய நாடாக்களை இப்போது நினைவுகூர வேண்டும். கடலோர ஈரக்காற்றில் நாடா பூசணம் பிடிக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், ஒருநாள் அறுந்துபோகும். ஓடக்கூடிய ஒரு கேசட் பெட்டி கிடைக்கும்போதே அவற்றை எம்பி3-ஆக மாற்றிவிடுங்கள். பெட்டியின் ஹெட்போன் முனையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டு முனைக்கு ஒரு கம்பி போதும். 60 நிமிட நாடா, வினாடிக்கு 128 கிலோபிட் அளவில், ஏறத்தாழ 58 எம்.பி. இடமே பிடிக்கும். 16 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் 270 நாடாக்கள் அடங்கும். டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் பென்டிரைவைச் செருகவும் இடமுண்டு. முதலில் குரல்கள், பிறகு பாட்டுகள் என்று வரிசை வையுங்கள். பாட்டு கடையில் மறுபடி கிடைக்கும். 1985-இல் அபுதாபியிலிருந்தோ ரியாத்திலிருந்தோ பேசிய வாப்பாவின் குரல் கிடைக்காது. அந்தக் குரல் இதுவரை கேட்டிராத பேரப்பிள்ளைகளோடு திருச்சி வரை காரில் வரட்டும். அதற்கு 50 நானோவாட் ஆற்றல் போதும்.